வானொலி நாடக வரலாறு – 11: அறிக்கை வாசித்த துப்பறிவாளர்கள்

அமெரிக்க வானொலியின் பகற்பொழுதைக் குடும்பக் கதைத் தொடர்கள் கைப்பற்றிய விதத்தைச் சென்ற பகுதி விவரித்தது. இரவு நேரத்தைப் பெருமளவு ஆண்டவர்கள் துப்பறிவாளர்கள். 1930 முதல் 1962 வரையிலான முப்பத்திரண்டு ஆண்டுகளில் இவ்வகை நாடகங்கள் எண்ணற்றவை வந்துபோயின என்றாலும், அவை அனைத்தும் ஒரே சிக்கலுக்கு விடை தேடியவை என்று கொண்டால் அவற்றின் வரலாறு தெளிவாகப் புலப்படும். அச்சில் ஒரு துப்பறியும் கதையை எழுதுபவர், மேசைமேல் உடைந்த குவளை கிடந்தது என்று ஒரு வரி எழுதிவிட்டால் தடயம் வாசகர் கைக்கு வந்துவிடும். திரைப்படத்தில் அதைக் காட்டினாலே போதும். வானொலியிலோ, யாரேனும் ஒருவர் வாய்திறந்து சொன்னாலொழிய அந்தக் குவளை இல்லவே இல்லை. அதை யார் சொல்வது, யாரிடம் சொல்வது, என்ன காரணத்தால் சொல்வது என்ற மூன்று கேள்விகளுக்கும் நாடகாசிரியர்கள் அவ்வப்போது கண்ட விடைகளே இவ்வகை நாடகத்தின் வளர்ச்சிப் படிகளாக அமைந்தன. அந்தச் சொல்லுக்குக் கூலி கொடுத்தவர் யார் என்ற நான்காவது கேள்வியும் உண்டு. பல நாடகங்களின் பிறப்பையும் இறப்பையும் தீர்மானித்தது அதுவே.

முதல் விடை தற்செயலாகக் கிடைத்தது. மலிவு விலைக் கதை இதழ்களை, அதாவது மட்டமான மரக்கூழ்த் தாளில் அச்சாகி வந்த கதைப் புத்தகங்களை வெளியிட்ட ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் என்னும் நிறுவனம், தன்னுடைய துப்பறியும் கதை இதழின் விற்பனையைப் பெருக்கும் நோக்கில், அந்த இதழின் கதைகளையே நாடகமாக்கி 1930 ஜூலை 31 அன்று சிபிஎஸ் ஒலிபரப்பில் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. கதையை அறிமுகம் செய்யும் அறிவிப்பாளருக்கு வெறும் அறிவிப்பாளர் என்ற அடையாளம் போதாது என்று கருதி அவருக்கு ‘தி ஷாடோ’, அதாவது நிழல், என்று பெயரிட்டு, மர்மமான குரலில் பேசவைத்தார்கள். சில வாரங்களில் அப்பொறுப்புக்கு வந்த ஃபிராங்க் ரீடிக் என்னும் நடிகரின் குரலும் சிரிப்பும் கேட்பவரைக் குலைநடுங்க வைத்தன. விளைவு நிறுவனம் எதிர்பாராதது: மக்கள் கடைக்குப் போய்த் துப்பறியும் கதை இதழைக் கேட்கவில்லை, நிழல் வரும் இதழைக் கேட்டார்கள். அப்படியோர் இதழே அப்போது இல்லை. வியாபாரம் தெரிந்த நிறுவனம் காலம் தாழ்த்தாமல் வால்ட்டர் கிப்ஸன் என்னும் எழுத்தாளரைப் பிடித்து, மாக்ஸ்வெல் கிராண்ட் என்ற புனைபெயரில் எழுதவைத்து, 1931 ஏப்ரலில் ‘தி ஷாடோ’ இதழைக் கொண்டுவந்தது. பின்னர் வெளியான 325 நிழல் நாவல்களில் 282 கிப்ஸன் எழுதியவை. ஒரு குரல் முதலில் பிறந்து, அதற்குரிய ஆளும் கதையும் பின்னால் தேடிச் சேர்க்கப்பட்டது இலக்கிய வரலாற்றில் அரிய நிகழ்வு.

1937 செப்டம்பர் 26 அன்று மியூச்சுவல் ஒலிபரப்பில் தொடங்கிய புதிய தொடரில்தான் நிழல் கதையின் நாயகனானான். பகலில் லாமண்ட் க்ரான்ஸ்டன் என்ற செல்வந்தன். வேண்டும்போது பிறர் மனத்தை மயக்கித் தன் உருவத்தை அவர்கள் கண்ணுக்கு மறைத்துக்கொள்ளும் ஆற்றலைக் கீழை நாடுகளில் கற்றவன். கீழை நாட்டு மாயவித்தை என்பது அன்றைய அமெரிக்க வெகுசன எழுத்தில் தேய்ந்துபோன சரக்கு; அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. இதழில் வந்த நிழலுக்கு இந்த ஆற்றல் இல்லை, அவன் கறுப்பு அங்கியும் இரட்டைத் துப்பாக்கியும் கொண்டு இருளில் ஒளிந்தவன் என்பதே கவனிக்கத்தக்கது. எல்லோருமே கண்ணுக்குத் தெரியாதவர்களாக இருக்கும் வானொலியில் ஒருவன் மட்டும் மறைந்திருக்கிறான் என்று எப்படி உணர்த்துவது? தாழ்ந்த ஒலிகளை வடித்துவிட்டுத் தொலைபேசிக் குரல்போல மெலிந்து ஒலிக்கச் செய்யும் வடிகட்டி இணைத்த தனி மைக்கில் நிழலின் வசனங்களைப் பேசவைத்தார்கள். சாதாரண மைக்கில் பேசினால் க்ரான்ஸ்டன், வடிகட்டிய மைக்கில் பேசினால் நிழல் என்ற இந்த எளிய ஏற்பாட்டை ஒரு சொல் விளக்கமும் இன்றிக் குழந்தைகள்கூடப் புரிந்துகொண்டனர். நாயகனாக முதலில் நடித்தவர் அப்போது 22 வயதே ஆன ஆர்சன் வெல்ஸ். அவனுடைய தோழி மார்கோ லேனாக ஆக்னஸ் மூர்ஹெட் நடித்தார். வெல்ஸ் ஓராண்டில் விலகி, 1938 அக்டோபர் 30 அன்று செவ்வாய்க் கிரகவாசிகளின் படையெடுப்பு நாடகத்தால் நாடறிந்த பெயரானார். அந்த நாடகத்தில் களத்திலிருந்து செய்தி சொல்லிக்கொண்டே மடியும் செய்தியாளராக நடித்தவர் பழைய நிழலான அதே ஃபிராங்க் ரீடிக். வெல்ஸ் போன பின்பும் நிழல் 1954 டிசம்பர் வரை நீடித்தது.

சிக்கலுக்கு இன்னும் இயல்பான விடை கோனான் டாயிலிடம் ஆயத்தமாகவே இருந்தது. எடித் மைசர் என்னும் நாடகாசிரியர் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை வானொலிக்கு மாற்றி, விளம்பரதாரர் ஒருவரைத் தேடிப்பிடித்து, 1930 அக்டோபர் 20 அன்று என்பிசியில் தொடங்கிவைத்தார். மேடையில் ஹோம்ஸாக நெடுங்காலம் நடித்துப் புகழ்பெற்று, அப்போது முதுமையடைந்திருந்த வில்லியம் ஜில்லட் முதல் நாடகத்தில் நடித்தார். விளம்பரதாரர் ஒரு காப்பித்தூள் நிறுவனம். எனவே அறிவிப்பாளர் மழை நாளில் டாக்டர் வாட்சனின் வீட்டுக்குப் போவார், கணப்பருகே அமர்வார், காப்பி அருந்துவார், வாட்சன் பழைய வழக்கொன்றை நினைவுகூர்வார். கதை சொல்வதற்கான காரணமும் காப்பி விளம்பரமும் ஒரே கோப்பையில் கலந்துவிட்டன. 1939 முதல் 1946 வரை பாசில் ராத்போன் ஹோம்ஸாகவும் நைஜல் புரூஸ் வாட்சனாகவும் நடித்த காலத்தில், ஒரு கட்டத்தில் விளம்பரதாரர் திராட்சை மது நிறுவனமாக மாறியபோது கோப்பையில் இருந்த பானம் மட்டுமே மாறியது, கணப்பும் நாற்காலியும் அப்படியே இருந்தன.

வாசகருக்கும் துப்பறிவாளருக்கும் ஒரே தடயங்களைக் கொடுத்து யார் முந்துகிறார்கள் என்று பார்க்கும் நேர்மைப் புதிர் என்ற கதைவகை அச்சில் கோலோச்சிய காலம் அது. அதை வானொலிக்குக் கொண்டுவர முயன்றவர்கள் ஃபிரடரிக் டன்னே, மான்ஃபிரட் லீ என்ற இருவர். ஒன்றுவிட்ட சகோதரர்களான இவர்கள் எல்லரி க்வீன் என்ற பெயரில் எழுதினர், அவர்களுடைய நாயகனின் பெயரும் அதுவே. 1939 ஜூன் 18 அன்று தொடங்கிய அவர்களுடைய தொடரில், விடை வெளியாவதற்குச் சற்று முன்னால் நாடகம் நிறுத்தப்பட்டு, நிலையத்துக்கு அழைக்கப்பட்ட விருந்தினர்கள் கொலையாளி யார் என்று ஊகிக்க வேண்டும். விருந்தினர்கள் பெரும்பாலும் தடுமாறினார்கள். அதற்கு அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை: புத்தகத்தில் பக்கத்தைப் புரட்டிப் பின்னால் போகலாம், காற்றில் போன சொல்லை எங்கே தேடுவது? ஒருமுறை மட்டுமே கேட்கக்கூடிய ஒரு தடயத்தை மறைத்துவைத்தால் யாருக்கும் பிடிபடாது, அழுத்திச் சொன்னால் எல்லோருக்கும் பிடிபடும். தொடர் 1948 வரை மதிப்போடு நடந்தது. எனினும் காதுக்கு ஏற்றது புதிரன்று, துப்பறிபவனின் குரலே என்பதை நிறுவியதுதான் அதனுடைய வரலாற்றுப் பங்கு என்று சொல்லத் தோன்றுகிறது.

மற்றொரு முனையில் நின்றது ‘மிஸ்டர் கீன்’. பகல்நேரக் கண்ணீர்த் தொடர்களை ஆலைபோல உற்பத்தி செய்த ஃபிராங்க் ஹம்மர்ட், ஆன் ஹம்மர்ட் தம்பதியர் 1937இல் தொடங்கிய இத்தொடரில் கதைசொல்லி என்று தனியாக எவரும் இல்லை. மாறாக, பாத்திரங்கள் ஒருவரையொருவர் முழுப் பெயரும் உறவும் சொல்லி விளித்துக்கொண்டு, கண்ணெதிரே கிடக்கும் பொருளையும் வாய்விட்டு வருணித்தன. நகைச்சுவை இரட்டையரான பாப், ரே ஆகியோர் இதைக் கேலிசெய்தே பல நிகழ்ச்சிகள் நடத்தினர். கேலிக்குரியதுதான், ஆனாலும் 1955 வரை ஓடியது.

இந்த நாடகங்கள் உருவான சூழலைச் சற்று நின்று நோக்குவது தேவை. நிகழ்ச்சிகளை ஒலிபரப்பு நிறுவனங்கள் தயாரித்தது குறைவு. விளம்பரதாரர் ஒரு விளம்பர முகவாண்மையை அமர்த்துவார், அந்த முகவாண்மை எழுத்தாளரையும் நடிகரையும் அமர்த்தும், ஒலிபரப்பு நிறுவனம் அரைமணி நேரத்தை விற்கும். பதிவுசெய்த நிகழ்ச்சிகளை ஒலிபரப்புவதில்லை என்பதை என்பிசியும் சிபிஎஸ்ஸும் 1940களின் இறுதி வரை கொள்கையாகவே வைத்திருந்தன. ஆகவே நாடகங்கள் நேரடியாகவே நடந்தன, கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மூன்று மணி நேர வேறுபாடு இருந்ததால் பல நாடகங்களை ஒரே இரவில் இரண்டு முறை நடிக்க வேண்டியிருந்தது. நடிகர்கள் பக்கங்கள் சலசலக்காதபடி தாள்களை ஒவ்வொன்றாகத் தரையில் நழுவவிட்டு வாசித்துக்கொண்டிருக்க, சற்றுத் தள்ளி ஒலிக்கலைஞர் சட்டத்தில் பொருத்திய சிறு கதவு, பூட்டு, தாழ்ப்பாள், சரளைக்கல் தட்டு, மரப்பலகை ஆகியவற்றோடு நின்றிருப்பார். தோல் மெத்தைமேல் பிரம்பால் ஓங்கி அடித்தால் துப்பாக்கி வெடித்தது. மெல்லிய கண்ணாடித் தாளைக் கசக்கினால் வீடு தீப்பிடித்தது. சோளமாவு நிரப்பிய பையை அழுத்தினால் பனிமேல் காலடி விழுந்தது. உண்மையான துப்பாக்கியை வெற்றுத் தோட்டாவோடு சுட்டால் மைக் அதிர்ந்து ஒலி அடைத்துக்கொள்ளும் என்பதால், பொய்யான ஓசையே மெய்யாகக் கேட்டது. அக்காலத்து நாடகங்களில் சில இன்றும் கிடைப்பதற்குக் காரணம், விளம்பரதாரருக்குச் சான்றாகவும் கோப்புக்காகவும் 16 அங்குல அரக்குப் பூச்சுத் தட்டுகளில் பக்கத்துக்கு 15 நிமிடமாக அவற்றைப் பதிவுசெய்து வைத்ததே. போர்க்காலத்தில் அலுமினியம் கிடைக்காமல் கண்ணாடிமேல் அரக்குப் பூசிய தட்டுகளைப் பயன்படுத்தினர், அவற்றில் உடைந்துபோனவை ஏராளம்.

போர் முடிந்ததும் குரல் மாறியது. டாஷியல் ஹாமட் முதலியோர் இதழ்களில் வளர்த்த வன்மைநடைக் கதை, அதாவது மாளிகைக் கொலைப் புதிரை விட்டுவிட்டு நகரத் தெருவின் பணம், பொய், வன்முறை ஆகியவற்றைச் சுருக்கமான பேச்சு மொழியில் சொல்லும் கதை, 1946 ஜூலையில் ‘சாம் ஸ்பேடின் சாகசங்கள்’ என்ற தொடராக வானொலிக்கு வந்தது. ஸ்பேட் ஹாமட்டின் ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ நாவலின் நாயகன். ஆனால் தொடருக்குப் பெயரைக் கொடுத்ததோடு ஹாமட்டின் பங்கு முடிந்தது, எழுதியவர்கள் வேறு, உருவாக்கி இயக்கியவர் வில்லியம் ஸ்பியர். அவர்கள் கண்ட கதைசொல்லும் உத்தி எளியது. வழக்கு முடிந்ததும் ஸ்பேட் தன் செயலாளர் எஃபிக்குத் தொலைபேசியில் பேசிவிட்டு அலுவலகம் வருவான், கட்சிக்காரருக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையைச் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொள்வாள். தேதி, பெறுநர், அனுப்புநர், உரிமத்தின் எண் 137596 என்று தொடங்கும் அந்த அறிக்கையே நாடகமாக விரியும். ஒரு தனியார் துப்பறிவாளன், அதாவது அரசு உரிமம் பெற்றுக் கூலிக்குத் துப்பறிபவன், தான் கண்டதையெல்லாம் ஏன் வாய்விட்டுச் சொல்கிறான் என்ற கேள்வி இதில் அடிபட்டுப் போகிறது. அறிக்கை சொல்வது அவன் தொழில். ஸ்பேடாக நடித்த ஹாவர்ட் டஃப் அந்த அறிக்கையைத் தன்னையே கேலிசெய்துகொள்ளும் தொனியில் சொன்னார். லுரீன் டட்டில் எஃபியாக நடுநடுவே புகுந்து அதைக் கலைத்தார். அலுவலக நடைமுறையிலிருந்து எடுத்த இந்த ஏற்பாடு அவ்வளவு பொருத்தமாக அமைந்ததால், அடுத்து வந்த துப்பறிவாளர்கள் பலரும் ஏதேனும் ஓர் ஆவணத்தை வாசிப்பவர்களாகவே ஆயினர்.

இத்தொடரை வீழ்த்தியது கேட்பவர் குறைவன்று. கம்யூனிசத் தொடர்புடையவர்கள் என்று ஐயப்பட்டு 151 வானொலி, தொலைக்காட்சிக் கலைஞர்களின் பெயர்களை வெளியிட்ட ‘ரெட் சேனல்ஸ்’ என்ற சிறு நூல் 1950 ஜூனில் வந்தது. நீதிமன்றமோ விசாரணையோ இல்லாமலே, அந்தப் பட்டியலில் இடம்பெற்றவருக்கு வேலை கிடைக்காது என்ற நிலை அதன்பின் இறுகியது. அதில் ஹாமட்டின் பெயரும் இருந்தது, டஃபின் பெயரும் இருந்தது. விளம்பரதாரரான வைல்ட்ரூட் தலைமுடிப் பசை நிறுவனம் அந்தச் செப்டம்பரில் தொடரைக் கைவிட்டு, அதற்குப் பதிலாகச் சார்லி வைல்ட் என்றொரு புதிய துப்பறிவாளனை ஒலிபரப்பியது. தன் விளம்பரப் பாட்டில் வரும் சார்லி என்ற பெயரோடு தன் பொருளின் பெயரில் பாதியை ஒட்டிச் செய்த ஆள் அவன். முதல் நாடகத்தில் ஸ்பேடே தொலைபேசியில் அவனை வாழ்த்தும்படி எழுதியிருந்தார்கள். வணிகத்தின் துணிச்சலுக்கு இதைவிடத் தெளிவான சான்று இத்துறையில் இல்லை. கேட்பவர்கள் கடிதம் கடிதமாக எழுதியதால் என்பிசி அந்த நவம்பரில் ஸ்டீவ் டன் என்ற வேறு நடிகரை வைத்து ஸ்பேடை மீட்டது. ஆனால் 1951 ஏப்ரலோடு அதுவும் நின்றது. அதே ஆண்டு கோடையில், பிணைத் தொகை நிதிக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயர்களைச் சொல்ல மறுத்ததற்காக ஹாமட் நீதிமன்ற அவமதிப்புத் தண்டனை பெற்றுச் சிறை சென்றார்.

ரேமண்ட் சாண்ட்லரின் ஃபிலிப் மார்லோ, கதை முடிவில் பியானோ வாசித்துப் பாடும் ரிச்சர்ட் டயமண்ட், எடைமேடையில் ஏறி அறிமுகமாகும் பருமனான துப்பறிவாளன் என இக்காலத்தில் வந்தவர்கள் பலர். அவர்களுள் சான்ஃபிரான்சிஸ்கோ துறைமுகத்தில் திரியும் பேட் நோவக் என்பவனுடைய பேச்சில் உவமைகள் அடுக்கடுக்காக வந்து விழும், எள்ளலா எழுத்தா என்று பிரித்தறிய இயலாத அளவுக்கு மிகையானவை. அந்த மிகையை வாயாரப் பேசி நடித்த ஜாக் வெப் என்ற இளைஞர்தான், பின்னர் அதை வேரோடு பிடுங்கியவர்.

1948இல் வெளியான ஒரு குற்றத் திரைப்படத்தில் தடயவியல் அலுவலராகச் சிறு பாத்திரத்தில் நடித்த வெப், அப்படத்துக்கு ஆலோசகராக வந்திருந்த லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறை அலுவலர் மார்ட்டி வின்னுடன் பழகியதில், காவல் நிலையத்தின் அன்றாட வேலையை அப்படியே நாடகமாக்கும் எண்ணம் பெற்றார். 1949 ஜூன் 3 அன்று என்பிசியில் ‘டிராக்நெட்’ தொடங்கியது. டிராக்நெட் என்பது மீன்பிடியில் நீரின் அடிவரை இழுத்து வாரும் இழுவலை. தப்ப வழியின்றி நாலாபுறமும் குற்றவாளியைத் தேடும் காவல் நடவடிக்கைக்கு ஆகிவந்த பெயர். சார்ஜன்ட் ஜோ ஃபிரைடேயாக வெப்பும், அவருடைய கூட்டாளி பென் ரொமேரோவாகப் பார்ட்டன் யார்பரோவும் நடித்தனர். ஃபிரைடே பேசுவது நாட்குறிப்பு: இன்ன கிழமை, இன்ன தேதி, வெயிலா மழையா, எந்தப் பிரிவில் பணி, மேலதிகாரி யார், மணி என்ன. ஸ்பேடின் அறிக்கையில் கிண்டல் இருந்தது, இதில் உணர்ச்சியே இல்லை. நடிக்க வேண்டாம், பேசினால் போதும் என்பதே நடிகர்களிடம் வெப் கேட்டது. காவல்துறை தன் வழக்குக் கோப்புகளைத் திறந்துவிட்டது, எழுதிய பிரதிகளைச் சரிபார்த்தது. அதற்கு ஈடாகத் தன்னைப் பற்றிய நல்ல தோற்றம் ஒன்றை வாரந்தோறும் பெற்றது. லஞ்சமும் இனப் பாகுபாடும் அந்தக் காவல்துறையில் இல்லாதவை அல்ல, அவை டிராக்நெட்டின் லாஸ் ஏஞ்சல்ஸில் ஏறக்குறைய இல்லை என்பதையும் சேர்த்தே இதன் மெய்ம்மையை எடைபோட வேண்டும்.

ஒலியில் அந்த மெய்ம்மை வியக்கத்தக்கது. நகர மன்றக் கட்டடத்தில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போக எத்தனை அடி வைக்க வேண்டுமோ அத்தனை காலடி ஓசை கேட்கும். அதுவரை வசனம் இராது. காப்பி ஊற்றுவது, நாற்காலி இழுப்பது, தொலைபேசியை வைத்துவிட்டுக் காத்திருப்பது என, பழைய இயக்குநர்கள் வெட்டி எறிந்திருக்கக்கூடிய நேரமெல்லாம் நாடகத்துக்குள் வந்தது. கிறிஸ்துமசுக்குச் சற்று முன்னதாக, 1949 டிசம்பர் 22 அன்று ஒலிபரப்பான நாடகத்தில் சிறுவன் ஒருவன் காணாமற்போகிறான். பரிசாக வாங்கி வைத்திருந்த துப்பாக்கி ஒன்றும் காணவில்லை. கொலைகாரனும் இல்லை, துரத்தலும் இல்லை. ஃபிரைடேயும் ரொமேரோவும் வீடு வீடாகப் போய் ஒரே கேள்விகளை ஒரே தொனியில் கேட்கிறார்கள். விடுமுறைக்காலத்து மகிழ்ச்சி பின்னணியில் நிற்க, விடை என்னவாக இருக்கும் என்பது கேட்பவருக்கு அவர்களுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. எல்லரி க்வீன் மறைத்து வைக்க முயன்றதை வெப் திறந்தே வைத்தார், அப்படியும் யாரும் வானொலியை அணைக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் இறுதியில் வழக்கு எந்த நீதிமன்றத்தில் எந்தத் தேதியில் முடிந்தது, தண்டனை என்ன என்று அறிவிக்கப்பட்டது. 1951 டிசம்பரில் தொடர் தொலைக்காட்சிக்கும் போனது. அதே மாதம் யார்பரோ மாரடைப்பால் இறந்தார். வானொலியில் புதிய நாடகங்கள் 1955 வரை வந்தன.

அமெரிக்க வீடுகளில் தொலைக்காட்சி இருந்தவை 1950இல் 100க்கு 9, 1955இல் 64, 1960இல் 87. விளம்பரதாரர்கள் அந்த எண்ணிக்கையின் பின்னால் போனார்கள். எஞ்சியவற்றுள் நெடுநாள் நின்றது 1949 பிப்ரவரியில் சிபிஎஸ் தொடங்கிய ‘ஜானி டாலர்’. காப்பீட்டு நிறுவனங்களின் நகரமான ஹார்ட்ஃபோர்டில் இருந்துகொண்டு, ஐயத்துக்குரிய இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கூலிக்கு விசாரிப்பவன் டாலர். அவன் வாசிக்கும் ஆவணம் செலவுக் கணக்கு. முதல் இனம் விமானக் கட்டணம், இரண்டாவது இனம் வாடகைக் கார், மூன்றாவது ஒருவனை வாய்திறக்க வைக்க வாங்கிக்கொடுத்த மது என்று கணக்கு ஏற ஏறக் கதை நகரும். கடைசியில் கூட்டுத்தொகையும் கடித முடிவுக்குரிய கையொப்பமும். செலவு என்ற ஒன்றை வைத்தே இடம், காலம், அவனுடைய குணம் மூன்றையும் சொல்லிவிடலாம் என்பதால், அறிக்கை உத்தியின் மிக நுட்பமான வடிவம் இதுவே. ஜாக் ஜான்ஸ்டன் பொறுப்பேற்று, பாப் பெய்லி நாயகனாக நடித்த 1955-56இல் திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு 15 நிமிடமாக ஐந்து நாள் ஒரே வழக்கு நடந்தது. 75 நிமிடம் கிடைத்ததால் பாத்திரங்கள் மூச்சுவிட்டுப் பேசின. இத்துறை எட்டிய உச்சம் அந்த ஓராண்டு என்று துணிந்து சொல்லலாம், அப்போது அதைக் கேட்கப் பாதிப்பேர் இல்லை என்பது வேறு. 1960இல் தயாரிப்பு ஹாலிவுட்டிலிருந்து நியூயார்க்குக்கு மாறியபோது பெய்லி விலகினார். அவருக்குப் பின் சில மாதங்கள் டாலராக நடித்த பாப் ரீடிக், ஃபிராங்க் ரீடிக்கின் மகன். மேண்டல் க்ரேமர் கடைசி நாயகன். 1962 செப்டம்பர் 30, ஞாயிறு மாலை, ஜானி டாலரையும் ‘சஸ்பென்ஸ்’ என்ற திகில் தொடரையும் சிபிஎஸ் ஒருசேர நிறுத்தியது. இசைத்தட்டுகளும் உள்ளூர்ச் செய்தியும் விளம்பரமும் கலந்து ஓர் அறிவிப்பாளரே நேரத்தை நிரப்பிவிடும்போது, நாடகத்துக்காக அரைமணி நேரத்தை விட்டுக்கொடுக்க உள்ளூர் நிலையங்கள் விரும்பவில்லை.

விளம்பரதாரரே இல்லாத பிபிசியில் நிலை வேறு. ஃபிரான்சிஸ் டர்பிரிட்ஜ் 1938 ஏப்ரலில் பர்மிங்ஹாமிலிருந்து தொடங்கிவைத்த ‘பால் டெம்பிள்’ அமெரிக்கத் துப்பறிவாளர்கள் அனைவரும் ஓய்ந்த பிறகும் 1968 வரை நடந்தது. டெம்பிள் யாருக்கும் அறிக்கை வாசிப்பவன் அல்லன், நாவலாசிரியன். அவனையும், 1946இல் வந்து பிரிட்டிஷ் சிறுவர்களை மாலை 6:45க்கு வீட்டுக்குள் இழுத்த டிக் பார்ட்டனையும் அடுத்த பகுதி எடுத்துக்கொள்ளும்.